கம்பியின் விலையும் இசையின் தரமும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரி மிளகு வாணிபத்துக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். இசைக்கும் அது பெயர்பெற்ற ஊர் என்பதைக் கேரளத்துக்கு வெளியே உள்ளோர் பலர் அறியார். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் முதலிய பல மொழிகள் வழங்கும் அக்குறுகிய தெருக்களில் இந்துஸ்தானி இசையும் கஜலும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளன. நண்பர்கள் ஓர் அறையில் கூடி, ஆர்மோனியமும் தபலாவும் துணையாக இரவு நெடுநேரம் பாடிக் களிக்கும் மெஹ்ஃபில் என்னும் வழக்கம் அங்கு இன்றும் மறையவில்லை. 1951-இல் வெளிவந்த ‘ஜீவித நௌகா’ என்னும் படத்தில் பாடிய மெகபூப் (1926–1981), 2018-இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி ஆகியோர் கொச்சியின் இச்சூழலில் வளர்ந்தவர்களே.

பாட்டில் இத்துணை ஈடுபாடுள்ள ஊரில், பதிவு செய்த இசையை வீட்டில் செம்மையாகக் கேட்க வேண்டும் என்னும் விருப்பம் எழுவது இயல்பு. அவ்விருப்பம் நல்ல ஆம்ப்ளிபயர், நல்ல ஒலிபெருக்கிகள் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. அவற்றை இணைக்கும் கம்பிகளையும் மாற்றினால் ஒலி மேலும் தெளிவுறும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. மின்சாமான் கடையில் மீட்டர் கணக்கில் அளந்து தரும் சாதாரணக் கம்பி முதல், ஒரு ஜோடி இலட்ச ரூபாய்க்கு மேல் விலைபெறும் கேபிள் வரை இன்று சந்தையில் உள்ளன. விலையில் உள்ள இந்த வேறுபாடு ஒலியிலும் உள்ளதா என்பதே கேள்வி.

இக்கேள்வி செல்வர் சிலரின் பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமன்று. பள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்கும் தலைமையாசிரியர், நூலகத்தில் இசை கேட்கும் அறை அமைக்கும் பொறுப்பாளர், கிராமக் கூட்டத்துக்கு மைக் அமைக்கும் ஊழியர் ஆகிய யாவரும் இதே கேள்வியை எதிர்ப்படுகின்றனர். அவர்கள் கையில் உள்ள தொகை சிறிது. அது தவறான இடத்தில் செலவாயின், சரியான இடத்துக்கு எஞ்சுவதில்லை. செலவுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பாதுகாப்பு, அடுத்து இணைப்புகளின் தூய்மை, அதற்கடுத்துக் கம்பியின் கனம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கம்பியின் பெயர். இவ்வரிசையைத் தலைகீழாக்குவது பண நஷ்டம் மட்டுமன்று, சில வேளைகளில் உயிர் நஷ்டமும் ஆகும்.

நீளமே முதற் காரணம்

கம்பியின் தரத்தைப் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. அட்லாண்டிக் மாகடலின் அடியில் தந்தி வடம் இடும் முயற்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், கடைகளில் விற்கும் பலவகைச் செம்புக் கம்பிகளைச் சோதித்தார். ஒரே கனமுள்ள கம்பிகளாயினும், அவற்றின் மின்கடத்து திறன் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதைக் கண்டு 1857-இல் வெளியிட்டார். செம்பில் கலந்திருந்த மாசுகளே அதற்குக் காரணம்.

1858 ஆகஸ்டில் முடிவுற்ற முதல் வடத்தின் வழியே விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. சில வாரங்களில் அவ்வடம் முற்றும் பழுதுற்றது. 1866-இல் வெற்றிபெற்ற வடத்தில் ஒவ்வொரு கடல் மைலுக்கும் இட்ட செம்பின் எடை முன்னதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. ஆகவே, கம்பியின் தூய்மையும் கனமும் வெறுங் கற்பனை அல்ல. அவற்றைக் கவனியாமல் விட்டதற்குப் பெரும் பொருள் விலையாகக் கொடுக்கப்பட்டதுண்டு.

ஆனால் அவ்வடத்தின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது என்பதை மறத்தலாகாது. வீட்டறையில் ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே உள்ள தொலைவு 3 மீட்டர் இருக்கலாம். அஃதாவது, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கடலடியில் மலைபோல் நின்ற இடர், வீட்டறையில் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. விளம்பரங்கள் கூறும் காரணங்கள் பல பௌதிக நூல்களில் உள்ளவையே; அவை விட்டுவிடுவது அளவு ஒன்றைத்தான்.

வீட்டறையில் ஓமின் விதி

அளவைக் கணக்கிடுவது பள்ளி மாணவருக்கும் எளிது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை, 20 டிகிரி வெப்பநிலையில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம். பரப்பு மிகுந்தால் தடை அதே விகிதத்தில் குறையும். மின்னோட்டம் சென்று திரும்ப வேண்டுமாதலால் நீளத்தை இரட்டித்துக் கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கி 3 மீட்டர் தொலைவில் உள்ளது, கம்பி 1.5 சதுர மி.மீ. பரப்புள்ளது எனக் கொள்வோம். 6 மீட்டர் கம்பியின் தடை ஏறத்தாழ 0.07 ஓம். ஒலிபெருக்கி 8 ஓம் ஆயின், கம்பியால் குறையும் ஒலியளவு 0.1 டெசிபலுக்கும் குறைவு. பொதுவாக, அரை டெசிபலுக்குக் குறைவான ஏற்றத்தாழ்வைச் செவி உணர்வது அரிது.

இதே அறையில் 0.5 சதுர மி.மீ. உள்ள மெல்லிய கம்பியை 10 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால் நிலைமை வேறு. 20 மீட்டர் கம்பியின் தடை 0.69 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் செல்ல வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு கம்பியிலேயே வெப்பமாகிறது. 4 ஓம் ஒலிபெருக்கியாயின் நூற்றுக்குப் பதினைந்து. மேலும், ஒலிபெருக்கியின் தடை எல்லாச் சுருதிகளுக்கும் ஒரே அளவினதன்று. ஆதலால் கம்பியின் தடை மிகுந்தால் சில சுருதிகள் மிகையாகவும் சில குறைவாகவும் கேட்கும். கம்பியின் மொத்தத் தடை ஒலிபெருக்கியின் தடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று வல்லுநர் கூறுவது இதனாலேயே. 10 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியை இட்டால் தடை 0.14 ஓமாகக் குறைந்து இடர் நீங்கும். மெல்லிய கம்பியை நீக்கிக் கனமான கம்பியை இடுவது உண்மையான மேம்பாடு. கனமான கம்பியை நீக்கி, அதே கனமுள்ள விலையுயர்ந்த கம்பியை இடுவது மேம்பாடன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எத்துணை உயர்ந்த கம்பியாயினும், அது சென்று சேருமிடம் ஒலிபெருக்கியின் உள்ளே சுற்றப்பட்டுள்ள மெல்லிய கம்பிச் சுருளே. 8 ஓம் ஒலிபெருக்கியில் அச்சுருளின் தடை ஏறத்தாழ 6 ஓம். இசை உரக்க ஒலிக்கையில் சுருள் சூடேறி 50 டிகிரி வெப்பம் மிகுமாயின், அதன் தடை ஐந்தில் ஒரு பங்கு, அஃதாவது 1.2 ஓம், உயரும். இது மேற்கூறிய 3 மீட்டர் கம்பியின் முழுத் தடையைப்போல் ஏறத்தாழ பதினேழு மடங்கு. பாட்டு நடக்கையிலேயே நிகழும் இம்மாறுதலை விட்டுவிட்டுக் கம்பியின் தடையில் மிகச் சிறு பங்கைக் குறைக்கப் பெரும்பொருள் செலவிடுவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு மூடியை மாற்றுவது போலாகும்.

விளம்பரங்கள் கூறுவன

வெள்ளிக் கம்பி செம்பைவிடச் சிறந்தது என்பர். உண்மையே, வெள்ளியின் கடத்துதிறன் செம்பினதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு மிகுதி. அதே பயனைச் செம்புக் கம்பியின் பரப்பை நூற்றுக்கு ஆறு கூட்டியும் பெறலாம். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய்.

ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்பர். அத்தகைய செம்பு உண்டு. வெற்றிடக் கருவிகள் போன்ற சில தொழில்களில் அதன் தேவையும் உண்டு. ஆனால் மின்பகுப்பினால் தூய்மை செய்த சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் இதற்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவே. தாம்சனின் காலத்து மாசுள்ள செம்பு இன்றைய மின்கம்பிகளில் இல்லை.

மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்தை நாடிச் செல்லும் என்பர். இதுவும் உண்மையே. மனிதச் செவி கேட்கும் மிக உயர்ந்த சுருதியாகிய 20,000 அதிர்வுகளில், செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.46 மி.மீ. ஆழத்தை அடைவதற்குள் மின்னோட்டத்தின் செறிவு பெரிதும் குறைந்துவிடும். இதனால் 2.5 சதுர மி.மீ. கம்பியின் தடை அச்சுருதியில் நூற்றுக்கு இருபதளவு கூடலாம். ஆயினும் 3 மீட்டர் தொலைவில் இக்கூடுதல் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வானொலி நிலையத்தின் ஏரியலுக்குப் பெரிய பிரச்சினையாகும் இது, வீட்டு ஒலிபெருக்கிக்கு ஒரு பொருட்டன்று.

கம்பியின் மேல் அம்புக்குறியிட்டு, இத்திசையில் இணைத்தால்தான் இசை இனிக்கும் என்பாரும் உளர். இசையின் மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டம். ஒவ்வொரு நொடியும் பலமுறை முன்னும் பின்னும் செல்வது. அதற்குக் கம்பியில் ஒருவழிப் பாதை இருத்தல் இயலாது. காப்பு வலையை ஒரு முனையில் மட்டும் இணைத்துள்ள சில கம்பிகளுக்கு மட்டும் அம்புக்குறியால் பொருள் உண்டு.

ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் தரும் கம்பியை மாற்றுவதும் இத்தகையதே. மின்நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தொலைவு அலுமினியக் கம்பிகளில் வந்து, சுவருக்குள் சாதாரணக் கம்பியில் ஓடிவந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் கம்பி எவ்வாறு தூய்மை செய்யும்?

கம்பி கவனிக்கத்தக்க இடங்கள்

எனினும், எல்லாக் கம்பியும் ஒன்றே என்று கூறுவதும் பிழையாகும். மிகச் சிறிய மின்னழுத்தம் செல்லும் இடங்களில் கம்பியின் அமைப்பு முக்கியம். இசைத்தட்டின் ஊசித்தலை தருவது சில மில்லிவோல்ட்டே; மைக் தருவதும் அத்தகையதே. அவற்றை ஆம்ப்ளிபயர் ஆயிரம் மடங்கு பெருக்குகையில், கம்பியில் புகுந்த இரைச்சலும் ஆயிரம் மடங்கு பெருகும். அங்கே செம்பிழைகளால் நெருக்கமாகப் பின்னிய காப்பு வலையுள்ள கம்பி இன்றியமையாதது. காந்த ஊசித்தலைக்குக் கம்பியின் மின்தேக்கு திறனும் பொருட்டாகும். மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் அளவுள்ள கம்பியைத் தேவைக்கு மேல் நீட்டினால் மேற்சுருதிகளின் அளவு மாறும். ஆதலின் அக்கம்பி குட்டையாயிருத்தல் வேண்டும். மேடையில் நெடுந்தொலைவு செல்லும் மைக் கம்பிக்கு மூன்று முளைகள் கொண்ட சமநிலை இணைப்பு வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருவிலை தேவையில்லை.

தொலைவு மிகுந்த இடத்தில் கம்பியின் கனத்தைக் கூட்டுவதைவிடச் சிறந்த வழியும் உண்டு. மட்டாஞ்சேரியில் உள்ளவை போன்ற நீண்ட கிடங்குகளிலும், பள்ளி மைதானங்களிலும் ஒலிபெருக்கி 100 மீட்டர் தொலைவில் இருக்கலாம். 1 சதுர மி.மீ. கம்பி சென்று மீள 3.44 ஓம் தடை தரும். 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே இணைத்தால் நூற்றுக்கு முப்பது பங்கு ஆற்றல் வழியிலேயே வீணாகும். ஆம்ப்ளிபயரின் 100 வோல்ட் முனையில் இணைத்து, ஒலிபெருக்கியின் அருகே 10 வாட் டிரான்ஸ்பார்மர் வைத்தால், கம்பிக்கு எதிர்ப்படும் தடை 1,000 ஓம் ஆகிறது. இழப்பு நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. மின்சார வாரியம் உயர் அழுத்தக் கம்பிகளை இழுப்பதன் காரணமும் இதுவே. பொது இடங்களுக்கான ஆம்ப்ளிபயர்களில் இவ்வசதி பெரும்பாலும் உண்டு. பயன்படுத்த அறிவோரே குறைவு. இம்முனையில் உயர் மின்னழுத்தம் உண்டாதலால், இணைக்கும்போது கருவியை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரியின் உண்மையான பகை

மட்டாஞ்சேரியில் ஒலியைக் கெடுப்பது செம்பின் குறைபாடு அன்று; காற்றின் ஈரமும் உப்புமே. ஒருபுறம் காயல், மறுபுறம் கோட்டைக் கொச்சியைத் தாண்டிக் கடல். ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மி.மீ. இத்தகைய காற்றில் திறந்து கிடக்கும் செம்பு முதலில் கறுக்கும். பின்னர் பச்சைக் களிம்பேறும். களிம்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. திருகின் கீழ் களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை, கம்பி முழுவதன் தடையைவிடப் பன்மடங்காகலாம். அதுவும் நிலையாக இராமல் கூடிக் குறைந்து கரகரப்பை உண்டாக்கும். செம்பு ஆக்ஸைடு மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் விடுவது. 1920-களில் தோன்றிய ஒருவகை ரெக்டிபயர்கள் இத்தன்மையைக் கொண்டே அமைந்தன. அத்தகைய படலம் இசை செல்லும் வழியில் உண்டாவது விரும்பத்தக்கதன்று.

புதிய கேபிள் வாங்கியவர் ஒலி தெளிவுற்றது என்று கூறுவது பல வேளைகளில் பொய்யன்று. பழைய கம்பியைக் கழற்றிப் புதியதை முடுக்கியபோது களிம்பேறிய முனைகள் நீங்கின. துலங்கும் உலோகம் துலங்கும் உலோகத்தைத் தொட்டது. பழைய கம்பியின் முனையை வெட்டி மீண்டும் முடுக்கியிருந்தாலும் அதே பயன் கிடைத்திருக்கும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆதலின் கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கொருமுறை இவ்வேலையைச் செய்தல் நன்று. கருவிகளின் மின் இணைப்பை முற்றும் நீக்கிவிட்டு, கம்பிகளைக் கழற்றி, கறுத்த முனையை இரண்டு சென்டிமீட்டர் வெட்டியெறிந்து, புதிதாக உறை சீவி இறுக முடுக்க வேண்டும். செருகும் முளைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்கலாம். வீட்டில் செம்புக் குடத்தை விளக்குவதுபோல் புளியிட்டு விளக்கலாகாது. எஞ்சும் அமிலம் மீண்டும் களிம்பை வரவழைக்கும். திருகின் கீழ் இடும் முனையில் ஈயம் பற்றவைப்பதும் தவறு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து திருகு தளரும். பொன்முலாம் பூசிய முளைகள் களிம்பேறாதவை. கடலோரத்தில் அவற்றுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுப்பது வீண் அன்று.

கம்பியை வாங்குவதிலும் மட்டாஞ்சேரி வணிகரின் முறையையே பின்பற்றலாம். மிளகைச் சாக்கின் மேலுள்ள பெயரைப் பார்த்து அவர்கள் விலை பேசுவதில்லை. ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கிறது, ஈரம் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று பார்த்தே விலை பேசுவர். லிட்டருக்கு 550 கிராம் நிற்கும் மிளகுக்கு ஒரு விலை, 500 கிராம் நிற்கும் மிளகுக்கு வேறு விலை. கம்பியிலும் அவ்வாறே சதுர மில்லிமீட்டரையும் உலோகத்தையும் பார்த்தல் வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி செம்பென்றே விற்கப்படுவதுண்டு. அதன் தடை செம்பினதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உப்புக் காற்றில் விரைவில் கெடுவதும் அதுவே. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உண்மை தெரியும். மேலே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அலுமினியம், விலக்குக. மேலே வெளுத்து உள்ளே சிவந்திருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு, கப்பல்களில் பயன்படுவது, கடலோரத்துக்கு ஏற்றது. வீட்டு மின்கம்பிகளுக்கு உரிய ஐ.எஸ். 694 தரக்குறியுள்ள நெகிழ்வான செம்புக் கம்பியை ஒலிபெருக்கிக்கு இடுவதில் எவ்விதக் குறையும் இல்லை.

எர்த் முளையை ஒடிக்கலாகாது

இனிக் கூறுவது எல்லாவற்றிலும் முக்கியமானது. இரு கருவிகளை வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளில் செருகி, அவற்றைக் கம்பியால் இணைக்கையில், ‘உம்’ என்ற இரைச்சல் எழுவதுண்டு. இரண்டின் எர்த் கம்பிகளும் காப்பு வலையும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் 50 அதிர்வுள்ள மின்னோட்டம் ஓடுவதே காரணம். விலையுயர்ந்த கேபிள் இதனைத் தீர்ப்பதில்லை. ஏமாற்றமுற்றவர் நண்பர் சொல் கேட்டு, பிளக்கின் மூன்றாவது முளையை ஒடித்துவிடுகின்றனர், அல்லது எர்த் கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். இரைச்சல் நின்றுவிடுகிறது, ஆனால் கருவியின் உலோகப் பெட்டியில் மின்சாரம் கசியுமாயின், அது நிலத்துக்குச் செல்லும் வழியும் அடைபட்டுவிடுகிறது. பிறகு அப்பெட்டியையோ மைக்கையோ ஈரத் தரையில் நின்று தொடும் மனித உடலே அவ்வழியாகிறது. உயிரைக் கவர ஓர் ஆம்பியரில் சிறு பகுதி போதும். கையில் மைக் பிடிப்பவர் பள்ளி மாணவராகவும் இருக்கலாம்.

இரைச்சலைப் போக்க ஆபத்தில்லாத வழிகள் உள்ளன. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் உள்ள பிளக் பாயின்ட்டுகளில் செருகலாம். இணைப்புக் கம்பிகளைக் குட்டையாக்கலாம். இசை செல்லும் கம்பியில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இடலாம். சமநிலை இணைப்பைப் பயன்படுத்தலாம். பழைய கட்டடங்களில் எர்த் இணைப்பே இல்லாத இருதுளைப் பிளக் பாயின்ட்டுகள் இருக்குமாயின், கேபிளுக்கு ஒதுக்கிய தொகையை முதலில் எர்த் அமைக்கவும், 30 மில்லி ஆம்பியரில் அறுபடும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் பொருத்தவும் செலவிடுக.

காதின் சாட்சியம்

“கணக்கு எதுவாயினும் ஆகுக, காதுக்குத் தெரிகிறதே” என்பார்க்கு விடை என்ன? காதின் சாட்சியத்தை விஞ்ஞானம் ஒதுக்குவதில்லை. குறுக்கு விசாரணை செய்கிறது. விலை தெரிந்திருப்பதும், கண் பார்ப்பதும், ஒலி சற்றே உரத்திருப்பதும் தீர்ப்பை மாற்றும் என்பது அறிந்த செய்தி. 1950-இலேயே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் என்னும் இருவர், இன்னதெனத் தெரியாமல் ஒலிகளை ஒப்பிடும் முறையொன்றை வெளியிட்டனர். இன்று வழங்கும் சோதனைகள் அதன் வழி வந்தவை.

பள்ளியிலும் இதனைச் செய்யலாம். ஒருவர் திரைக்குப் பின்னிருந்து நாணயத்தைச் சுண்டி, அதன்படி இரு கம்பிகளுள் ஒன்றை இணைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் எது என்று கூற வேண்டும். ஒலிபெருக்கியின் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து ஒலியளவைச் சமமாக்கிக்கொள்வது அவசியம். இவ்வாறு பத்து முறை. ஏழு முறை சரியாகக் கூறுவது பெருமையன்று. குருட்டாம்போக்கில் கூறினாலும் ஆறில் ஒருவர் ஏழோ அதற்கு மேலோ பெறுவர். ஒன்பதோ பத்தோ சரியாயின் கவனிக்கத்தக்கது. தற்செயலாக அது நிகழ்வது 1,024-இல் 11 முறையே. நிகழ்தகவு, மின்தடை, செவியின் இயல்பு ஆகிய மூன்று பாடங்களையும் இந்த ஒரு சோதனையில் கற்பிக்கலாம்.

2007-இல் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒலிபெருக்கிக் கேபிளை இத்தகைய சோதனையில் பிரித்தறிந்து காட்டுவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அச்சோதனை நடைபெறவே இல்லை.

விலையுயர்ந்த கேபிளை அதன் அழகுக்காகவும் வேலைப்பாட்டுக்காகவும் வாங்கி மகிழ்வோரை ஏளனம் செய்தல் தகாது. தம் பொருளைத் தாம் விரும்பியவாறு செலவிடும் உரிமை அவர்க்குண்டு. ஆனால் பொதுப்பணத்தைச் செலவிடுவோர்க்கும், குழந்தையின் படிப்புக்கு ஒதுக்கியதிலிருந்து மிச்சம் பிடித்து ஒரு நல்ல ஒலிக்கருவி வாங்குவோர்க்கும் அவ்வுரிமை அத்துணை எளிதானதன்று. அவர்கள் அறிவுரை நாடி வருவது ஊரிலுள்ள ஆசிரியரிடமும், களத்தில் பணியாற்றும் ஊழியரிடமுமே.

அவர்களிடம் கூறத்தக்கது சுருக்கமானது. எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். முனைகளைக் கழற்றிக் களிம்பை நீக்குங்கள். தொலைவை அளந்து அதற்கேற்ற கனமுள்ள செம்புக் கம்பியை இடுங்கள். ஒலிபெருக்கிகளைச் சுவர் மூலையிலிருந்து சற்று நகர்த்திவைத்து, வெறுஞ்சுவர்களில் எதிரொலி மிகுந்தால் திரைச்சீலை தொங்கவிடுங்கள். இவையாவும் செய்த பின்னர் பணம் மிஞ்சுமாயின், நல்ல இசைத்தட்டுகள் வாங்குங்கள்.